சுவர்ச்சீலை

திருவனந்தபுரத்து மத்திய ரயில் நிலையம் 1931ஆம் ஆண்டில் தம்பானூரில் எழும்பியது முதலாக, அவ்வட்டாரம் வந்து போவோருக்கே உரியது என்ற எண்ணம் எல்லோர் மனத்திலும் ஊன்றிவிட்டது. நிலையத்துக்கு எதிரே அரசுப் பேருந்து நிலையம், அதனைச் சூழ்ந்து தங்கும் விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள், துணிக்கடைகள் என்று இரவும் பகலும் ஓயாத சந்தடி நிலவும் அவ்விடத்தில் குடும்பங்களும் வாழ்கின்றன என்பதைப் பிரயாணிகள் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆயினும் மஞ்சாலிக்குளம் சாலையிலும் அதனின்று பிரியும் சந்துகளிலும் நெடுங்காலமாகக் குடியிருப்போர் உண்டு. இதனையொட்டிய சாலைக்கடைத் தெரு, கரமனை முதலிய இடங்களைப் போலவே இங்கும் தமிழும் மலையாளமும் ஒரே பேச்சில் இழைந்து வரும் வீடுகள் பல.

அத்தகைய வீடுகளின் முன்கூடங்களில் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் பரவி வருகிறது. சுவாமி படமும் குடும்பப் புகைப்படமும் நாட்காட்டியும் இருந்த சுவரில் இப்போது துணி தொங்குகிறது. சில வீடுகளில் அது காளஹஸ்தியிலோ கருப்பூரிலோ எழுதப்பட்ட கலம்காரிச் சித்திரம். சிலவற்றில் கேரளச் சுவரோவியப் பாணியில் கிருஷ்ணனும் கோபியரும் தீட்டப்பட்ட, சரிகைக் கரையிட்ட கசவுத் துணி. வேறு சிலவற்றில் கண்ணாடிச் சில்லுகள் பதித்த குஜராத்தித் தையல்வேலை. பாட்டியின் கூறைப்புடவையை வெட்டாமல் விரித்து மாட்டிய வீடும் உண்டு. இயந்திரம் அச்சிட்டுத் தள்ளிய படங்களை விலக்கி, மனிதக் கை தொட்டு உண்டாக்கிய ஒரு பொருளைத் தம் கண்முன் நாள்தோறும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறவர்களின் ரசனையை நான் மனமாரப் போற்றுகிறேன். போற்றுவதனாலேயே, இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிச் சில வாரம் கழிந்தபின் அத்துணியின் கீழ்விளிம்பைத் தூக்கிப் பின்புறத்தைப் பார்க்க நேரும்போது மனம் வருந்துகிறது. சுவரோடு ஒட்டியிருந்த பாகம் முழுவதும் மிளகைப் பொடித்துத் தூவினாற்போலக் கரும்புள்ளிகள் பரவியிருக்கும். முகர்ந்தால் மக்கிய வாடை வீசும். விரலால் தேய்த்தால் புள்ளி பரவுமேயன்றிப் போகாது.

இதற்குக் காரணம் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. தம்பானூர் தாழ்ந்த நிலம். சுற்றிலுமுள்ள மேடுகளினின்று இறங்கும் மழைநீர் ஆமையிழஞ்சான் தோடு என்னும் ஓடையின் வழியே ரயில் பாதைக்கு அடியில் புகுந்து வெளியேற வேண்டியிருப்பதால், கனமழை நாட்களில் தோடு நிறைந்து தெருவில் நீர் தேங்குவது நகரத்தார் நெடுங்காலமாக அனுபவித்துவரும் துன்பம்; 2015ஆம் ஆண்டில் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்களை மீட்கும் பெருவேலையை அரசு மேற்கொண்டதற்குத் தம்பானூரின் வெள்ளமே தலையாய காரணமாயிற்று. தென்மேற்குப் பருவமழையும், துலாவர்ஷம் என்று இங்குள்ளோர் சொல்லும் வடகிழக்கு மழையும் ஆகிய இரண்டுமே இந்நகருக்கு உண்டு. ஆண்டுக்குச் சராசரி 1,700 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்கிறது. கடலோ கூப்பிடு தூரம் என்னலாம். தரைத்தளத்துச் சுவர்கள் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி ஏற்ற, மேல்தளத்துச் சுவர்கள் மேற்கிலிருந்து அடிக்கும் சாரலை ஏற்க, நடுவில் அகப்பட்ட துணி எந்தப் பக்கத்திலும் உலர வழியில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கிறது.

இப்படிப்பட்ட சீதோஷ்ணத்தில் வாழ்ந்த நம் முன்னோர் துணியைத் தொங்கவிடாமல் இருந்தார்களா என்றால், உலகில் வேறெவரும் தொங்கவிடாத அளவுக்குத் தொங்கவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் தொங்கவிடும் கலை, கழற்றி மடித்து வைக்கும் கலையோடு சேர்ந்தே வளர்ந்தது. விசேஷம் வந்தால் கட்டுவார்கள், முடிந்தால் அவிழ்ப்பார்கள். ஒரே ஆணியில் ஒரே துணி ஆண்டு முழுவதும் தொங்குவது இந்நாட்டுச் சம்பிரதாயமன்று. அது கண்ணாடிச் சட்டமிட்ட படத்திடமிருந்து நாம் துணிக்கு ஏற்றிய பழக்கம். தம்பானூர் வீடுகளில் துணி பாழாவதன் மூலகாரணம் மழையைவிட இப்பழக்கமே என்பது என் அபிப்பிராயம். அதற்கான சான்றுகளைப் பழைமையிலிருந்து தொடங்கிப் பார்ப்பது பொருந்தும்.

சேர நாட்டுத் துறவி இயற்றியதாக மரபு போற்றும் சிலப்பதிகாரத்தில், மாதவி ஆடிய அரங்கின் அமைப்பை விரிக்கும் அரங்கேற்று காதை மூவகைத் திரைகளைக் குறிக்கிறது: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. அரங்கின் மேலே சித்திரம் எழுதிய விதானம் கட்டப்பட்டிருந்ததையும் அது சொல்லுகிறது. ஒன்று ஒரு பக்கத்திலிருந்து இழுபடுவது; ஒன்று இருபக்கத்திலிருந்து வந்து கூடுவது; ஒன்று மேலே மறைந்திருந்து இறங்குவது என்று உரைகள் விளக்கும் அம்மூன்றுக்கும் பொதுவான தன்மை அசைவு. அந்த எழினியின் வழித்தோன்றலென்று நான் கருதும் திரைச்சீலை இன்றும் கேரளத்தில் உயிரோடிருக்கிறது. கதகளி அரங்கில் இருவர் தம் கைகளால் பிடித்து நிற்கும் பல வண்ணத் திரச்சீலைக்கு ஆணியும் இல்லை, கம்பியும் இல்லை. வேஷக்காரர் அதன் மேல்விளிம்பைப் பற்றிச் சற்றே தாழ்த்தித் தம் முகத்தைக் காட்டி மறைக்கும்போது, விளக்கொளியில் அத்துணி அடையும் கம்பீரம் எந்தச் சுவரில் எத்தனை காலம் தொங்கினாலும் அதற்கு வராது. ஆட்டம் முடிந்ததும் அது மடிக்கப்பட்டு வேஷ உடுப்புகளின் பெட்டிக்குள் போய்விடும்.

கோயில்களில் இவ்வழக்கம் இன்னும் விரிவாக நடந்தது. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டை, கருப்பூர் முதலிய ஊர்களில் நாயக்கர் காலத்தில் வந்து அமர்ந்த சித்திரக்காரர்கள் எழுதிய துணிகள் பெரும்பாலும் கோயிலுக்கும் தேருக்கும் உரியவை. தலைக்குமேல் கட்டும் விதானம், வாயிலுக்கு மேலே குறுக்காகக் கட்டும் வாசமாலை, தேரின் மூலைகளிலும் மண்டபத் தூண்களுக்கிடையிலும் உருளை வடிவில் தொங்கும் தொம்பை, சந்நிதியின் முன்னால் இழுக்கும் திரை என்று ஒவ்வொன்றுக்கும் தனி அளவும் தனிச் சித்திர வரிசையும் உண்டு. ‘கருப்பூர் கலம்காரி ஓவியங்கள்’ என்ற பெயரில் இக்கலைக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தபோது இதைத் தொழிலாகச் செய்யும் குடும்பங்கள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி.

அத்துணி உண்டாகும் விதத்தைச் சற்று அருகே நின்று பார்க்க வேண்டும். பருத்தித் துணியை வெளுத்து, கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு இழையில் ஏறி நிற்கும். பாலின் கொழுப்பு சாயம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் தடுக்கும். பின்பு மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, அதற்குச் சற்றுமேலே கம்பளி நூலோ கந்தையோ சுற்றிய கலத்தைக் கறுப்புநீரில் தோய்த்து எடுத்து, சுற்றியதை விரலால் அழுத்தி நீரைக் கசியவிட்டுக் கோடு இழுப்பார்கள். அக்கறுப்புநீர் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பலநாள் புளிக்கவைத்து எடுத்தது. கலத்திலிருந்து இறங்கும்போது வெளிறித் தோன்றும் அது, துணியில் ஏறியிருக்கும் கடுக்காய்த் துவர்ப்போடு சேர்ந்த மாத்திரத்தில் கறுத்துவிடும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம் பூசிச் சாயவேரோடு கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நீலத்துக்கு அவுரி. பச்சைக்கு அந்நீலத்தின்மேல் மஞ்சள்.

இந்நுட்பங்களை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. துணி எங்கே பலமுள்ளது, எங்கே பலவீனமானது என்பது அது பிறந்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. பழைய கலம்காரித் துணிகளில் சிவந்த பாகம் நூற்றாண்டுகளுக்குப் பிறகும் உறுதியாக நிற்க, கருங்கோடுகள் மாத்திரம் இற்று உதிர்ந்து, உருவங்களின் புறவரை இருந்த இடத்தில் வெறும் பிளவு தெரிவதை அருங்காட்சியகங்களில் காணலாம். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து பிறந்த அக்கறுப்பு, ஈரமும் வெளிச்சமும் படப்பட இழையைத் தானே அரித்துவிடுகிறது. அவ்வாறே பழைய துணிகளில் மரத்தின் இலைகள் நீலநிறமாகத் தோன்றினால், நீல இலை வரைந்த விசித்திரக் கற்பனை என்று எண்ணிவிடலாகாது. பச்சையிலிருந்த மஞ்சள் வெயிலில் வெளுத்துப்போக, அடியிலிருந்த அவுரி மட்டும் மிஞ்சியது. ஆண்டில் சிலநாள் கட்டி அவிழ்த்த கோயில் வழக்கம் இவ்விரு கேடுகளையும் தலைமுறைக்கணக்கில் தள்ளிப்போட்டது. சித்திரக்காரர் அறிந்தே அவ்வழக்கத்தை நம்பி எழுதினார் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

இதே சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கடல்கடந்து சென்று ஐரோப்பியரின் கட்டில்களையும் சுவர்களையும் அலங்கரித்த வரலாறு பலரும் அறிந்தது. ‘பலம்போர்’ என்று அவர்கள் அழைத்த பெருஞ்சீலைகளில் பாறைமேட்டிலிருந்து ஒற்றை மரம் கிளைவிட்டுப் படர்ந்து, ஒவ்வொரு கிளையிலும் வெவ்வேறு பூ மலர்ந்திருக்கும். சீட்டித்துணி மோகம் தங்கள் நெசவாளரின் பிழைப்பைக் கெடுக்கிறதென்று அஞ்சி 1686இல் பிரான்சும் 1700இல் இங்கிலாந்தும் தடைச்சட்டம் இயற்றின. பிரான்சில் 1759 வரையிலும் இங்கிலாந்தில் 1774 வரையிலும் தடை பல வடிவில் நீடித்தது. அத்தடைக்காலத்தின் நடுவே, 1742இல், கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் நம் சாயக்காரரிடம் கேட்டறிந்த செய்முறையை அடி அடியாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். நம் கைவினைஞர் வாய்மொழியாகக் காத்துவந்த ஒரு வித்தை ஒரு கடிதத்தில் அடங்கிக் கப்பலேறிப் போயிற்று. அவ்வித்தைக்கு உரியவர்களுக்கு அதனால் யாதொரு லாபமும் விளையவில்லை.

கோயிலுக்கு வெளியே, சாதாரண மக்களின் வீடுகளிலும் துணி கட்டும் வழக்கம் இருந்தது. ஆனால் அத்துணி வீட்டுக்காரருடையதன்று. யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டிலும் சாவீட்டிலும் ‘வெள்ளை கட்டுதல்’ என்ற சடங்கு உண்டு. ஊர் வண்ணார் தம்மிடமுள்ள வெளுத்த வேட்டிகளையும் சேலைகளையும் கொண்டுவந்து பந்தலின் அடிப்புறத்திலும் சுவர்களிலும் கட்டி, பூச்சும் ஓலையும் தெரியாதபடி அந்த இடத்தையே வெள்ளையாக மாற்றிவிடுவார். தமிழகத்திலும் கேரளத்திலும் சடங்குகளுக்கு ‘மாற்று’ கொடுத்தவர்கள் இதே தொழில் செய்தவர்களே. வீட்டின் தூய்மையும் மங்கலமும் அவர்கள் கையிலிருந்து வந்தன. ஆனால் அதே வீட்டின் உள்வாசலைத் தாண்ட அவர்களுக்கு அனுமதி இருந்ததில்லை. வழக்கத்தின் அழகைப் பேசுவோர் அதன் அடியிலிருந்த இந்த அநீதியைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையே சொன்னவராவர். சடங்கு அருகி வருவதில் எனக்கு வருத்தமில்லை. அச்சடங்கைச் செய்தவர்கள் துணியைப் பற்றி அறிந்திருந்தது மட்டும் மறைந்துவிடக் கூடாது: கட்டும் துணி கஞ்சி நீங்க வெளுத்ததாய் இருக்க வேண்டும், காரியம் முடிந்தவுடன் அவிழ்த்துத் துவைத்து வெயிலில் உலர்த்தியபின்பே மடிக்க வேண்டும். பிற்காலத்தில் பொருட்காட்சிசாலை நிபுணர்கள் சொன்ன விதிகளில் பாதி இதில் அடங்கிவிடுகிறது.

பிறநாட்டுச் சான்றுகள் இரண்டொன்று போதும். இங்கிலாந்தை நார்மானியர் வென்ற கதையைச் ஆளிநார்த் துணியில் கம்பளி நூலால் தைத்துக் காட்டும் பாய்யோ சித்திரச்சீலை 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 70 மீட்டர் நீளமுள்ளது. அது ஆண்டுதோறும் திருவிழா நாளிலும் அதனையொட்டிய வாரத்திலும் மாதாகோயிலின் நடுக்கூடத்தைச் சுற்றித் தொங்கவிடப்படும் என்று அக்கோயிலின் 1476ஆம் ஆண்டுப் பொருட்பட்டியல் சொல்லுகிறது. எஞ்சிய நாளெல்லாம் அது சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒன்பது நூற்றாண்டு கடந்தும் அதன் நிறங்கள் இன்றும் பளிச்சென்றிருப்பதற்கு இது பெருங்காரணம். நம்மைப்போலவே மழையும் புழுக்கமும் மிகுந்த ஜப்பானில், வீட்டின் மாடத்தில் தொங்கவிடும் சித்திரச் சுருளைப் பருவத்துக்கொன்றாக மாற்றி, மாற்றியதைச் சுருட்டி மரப்பெட்டியில் வைப்பது குடும்ப ஒழுக்கமாகவே பேணப்படுகிறது. நாத்வாராவில் ஸ்ரீநாதருக்குப் பின்னால் தொங்கும் பிச்வாய்ச் சீலைகளும் பருவத்துக்கும் உற்சவத்துக்கும் ஏற்ப மாறுபவையே. கோடைக்காலத்துக்குரியது தாமரை பூத்த தடாகம் என்றால், மழைக்காலத்துக்குரியது வேறு.

இவ்வளவு பரவலாக இருந்த ஒழுக்கம் நம் வீடுகளில் எப்போது தளர்ந்தது? கேரளத்துப் பழைய வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரப்பலகையாலும் சுண்ணாம்பு பூசிய வெட்டுகல்லாலும் ஆனவை. நீண்டு இறங்கும் கூரை அவற்றைச் சாரலினின்று காத்தது. அவற்றில் நிலையாக மாட்டி வைக்கப்பட்டவை மிகக் குறைவு. சுவர் படம் தாங்கும் இடமாக மாறியது அச்சோவியத்தின் வரவுக்குப் பிறகே. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பினார். அப்படங்களின்மீது மெய்யான பட்டுத் துண்டையும் சரிகையையும் சமிக்கியையும் வெட்டி ஒட்டி, காகிதத் தேவிக்குத் துணியுடுத்தி மகிழ்ந்த வீடுகள் தமிழ்நாட்டிலும் மலையாள நாட்டிலும் எண்ணற்றவை. துணியைச் சட்டத்துக்குள் நிலையாக அடைத்துவைக்கும் வழக்கம் அங்கே தொடங்கியதென்று கொள்ளலாம். பின்னர் பெண்கள் தையல் வகுப்பில் கற்ற கிளியும் ரோஜாவும், மணிகளால் கோத்த மயிலும் சட்டமேறின. கண்ணாடி இருந்தவரையில் அவற்றுக்குத் தூசியிலிருந்தாவது காப்பு இருந்தது. கண்ணாடியை நீக்கிவிட்டு, சட்டத்தின் நிரந்தரத்தை மட்டும் வைத்துக்கொண்டதே இன்றைய சுவர்ச்சீலையின் அவலம்.

தம்பானூரிலிருந்து நாகர்கோவில் சாலையில் 15 கிலோமீட்டர் அளவில் உள்ள பாலராமபுரத்துக்கு இப்பொருளில் நெருங்கிய தொடர்புண்டு. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்ம மகாராஜாவின் பெயரால், அவருடைய திவான் உம்மிணித் தம்பி அமைத்த ஊர் அது. இன்றைய கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டப் பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் சாலியர்களை வரவழைத்து, அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய வேட்டியும் நேரியதும் நெய்வதற்காக அங்கே குடியேற்றினார்கள். அத்தெருக்களில் இன்றும் குழித்தறி ஒலிக்கிறது. விடியற்காலையில் போய் நின்றால் தெருவின் நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டி, அரிசிக்கஞ்சியைத் தெளித்து, இருபுறமும் ஆட்கள் நின்று பெருந்தூரிகையால் ஒரே சீராக இழுத்து இழுத்து நீவும் காட்சியைக் காணலாம். கஞ்சி ஒவ்வொரு இழையையும் சுற்றிப் படிந்து, பிசிரை அடக்கி, தறியில் அறாதபடி உரமேற்றுகிறது. சிறிது தேங்காயெண்ணெய் தடவுவது இழைக்கு வழவழப்புத் தருகிறது. வெயில் ஏறுமுன் வேலையை முடித்தாக வேண்டும். இல்லையேல் பாவு முறுக்கேறி விறைத்துவிடும்.

அவ்வளவு பாடுபட்டு ஏற்றிய அக்கஞ்சிதான் சுவரில் தொங்கும் துணிக்குப் பகையாகிறது. தறியிலிருந்து இறங்கிய கசவுத் துணியின் மொடமொடப்பை விரும்பி, ஒருமுறைகூடத் துவைக்காமல் அப்படியே ஓவியம் தீட்டி மாட்டுகிறார்கள். பூஞ்சைக்கு வேண்டியவை மூன்று: உணவு, ஈரம், அசையாத காற்று. உணவைக் கஞ்சி தருகிறது; ஈரத்தைச் சுவர் தருகிறது; துணியே சுவரை மூடிக் காற்றை நிறுத்திவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 அல்லது 70ஐத் தாண்டினால் பூஞ்சை முளைக்கும் என்பது பொருட்பாதுகாப்பு அறிஞர் கண்ட கணக்கு. திருவனந்தபுரத்து மழைக்காலம் அக்கணக்கை எளிதில் கடந்துவிடுகிறது. இராமபாணப் பூச்சிக்கும் கஞ்சியே விருந்து. கசவின் கதி வேறுவகை: சூரத்திலிருந்து வரும் சரிகை, செம்பின்மீது வெள்ளியும் அதன்மீது பொன்னும் பூசியதாயின் உப்புக்காற்றில் மெல்லக் கறுக்கும், விலை மலிந்த போலிச் சரிகையாயின் ஒரு மழைக்காலம் தாங்குவதும் அரிது.

சுவரோவியப் பாணித் துணிகளைப் பற்றியும் ஒரு சொல். குருவாயூர்க் கோயிலில் 1970இல் நேர்ந்த தீவிபத்தில் பழைய சுவரோவியங்கள் அழிந்தபின், அவற்றைப் புதிதாக எழுதும் முயற்சியிலிருந்து அக்கலை மறுமலர்ச்சி பெற்றது. 1989இல் அங்கே சுவரோவியப் பயிற்சிக்கென்று தேவஸ்வம் ஒரு நிலையம் நிறுவியது. சுண்ணாம்புச் சுவரில் மண்வண்ணமும் இலைச்சாறும் கொண்டு எழுதிய கலை, இன்று அக்ரிலிக் வண்ணத்தில் துணிமேல் ஏறியிருக்கிறது. அக்ரிலிக் படலம் ஈரத்தில் கரையாது. அதனால் ஓவியம் பாதுகாப்பாயிருப்பதாக எண்ணுகிறார்கள். படலத்தின் அடியிலுள்ள பருத்தி ஈரத்தில் விரிந்தும் வெயிலில் சுருங்கியும் அசைய, படலம் அவ்வளவுக்கு அசையாமல் நிற்பதால், சில ஆண்டுகளில் துணி ஓவியத்தைச் சுற்றிக் கொசுவம் விழுந்து சுருங்கிப்போகிறது.

இனி வீட்டுக்காரர் செய்யத்தக்கவற்றைச் சொல்ல வேண்டும். துணியை மாட்ட வெளிச்சுவரை, விசேஷமாக மேற்கு, தெற்குச் சுவர்களை, விலக்கி இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் தேர்ந்தெடுப்பது முதற்கடமை. குளியலறையின் மறுபுறம் ஆகாது. ஓவியம் தீட்டாத கைத்தறித் துணியாயின், சாயம் கசியாதென்று ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்தபின், கஞ்சி முற்றும் நீங்க நீரில் அலசி உலர்த்திக்கொள்ள வேண்டும். ஓவியமோ கலம்காரியோ தீட்டுமுன் துணியிலிருந்து கஞ்சியை அகற்றினாரா என்று எழுதியவரைக் கேட்டு வாங்குவது நலம். துணியின் பின்னால் கஞ்சி நீங்கச் சலவை செய்த காடாத்துணியை உள்ளணியாகத் தைத்தால் பாரமும் அழுக்கும் அதன்மேல் விழும். மேல்விளிம்பின் பின்புறம் உறைபோலத் தைத்து, அதில் வழவழப்பான மூங்கிலையோ மரக்கம்பையோ நுழைத்துத் தொங்கவிட்டால் பாரம் அகலம் முழுவதும் சமமாகப் பரவும். மூலைக்கொரு ஆணி அடித்தால் அந்த இரண்டு மூலைகளுமே கிழியும். பாவிழை மேலிருந்து கீழாக வரும்படி தொங்குவது நெய்த துணிக்கு இயல்பு. சுவரில் முதலில் இரண்டு ரீப்பர் துண்டுகளை அறைந்து, அவற்றின்மேல் கம்பைத் தாங்கவைத்தால் துணிக்கும் சுவருக்கும் நடுவே ஓரங்குலமாவது இடைவெளி கிடைக்கும். தச்சருக்கு அரைமணி வேலை. துணியின் ஆயுளுக்கோ அதனால் விளையும் லாபம் மிகப்பெரிது.

வெளிச்சத்தைப் பற்றி மறந்துவிடலாகாது. பழந்துணிகளைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவுக்குமேல் ஒளி படவிடுவதில்லை. நம் ஜன்னலோரத்தில் பகற்பொழுதில் அதைப்போலப் பற்பல மடங்கு ஒளி விழுகிறது. ஒளியால் போன நிறம் எந்தச் சிகிச்சையாலும் திரும்பாது. ஆகையால் ஆண்டு முழுவதும் மங்கலில் வைப்பதா, சில மாதம் நல்ல வெளிச்சத்தில் வைத்துக் கண்குளிரப் பார்ப்பதா என்று என்னைக் கேட்டால், இரண்டாவதையே சொல்லுவேன். துலாவர்ஷம் ஓய்ந்து தனு மாதக் குளிர்ச்சி தொடங்கும்போது மாட்டி, மேடத்தில் விஷு முடிந்து இடவப்பாதி எட்டிப்பார்க்குமுன் கழற்றிவிடலாம். நடுவே ஓணத்துக்குப் பத்துநாள் வெயில் கண்டால் மறுபடி கட்டலாம். கழற்றிய துணியை நிழற்காற்றில் ஒருநாள் ஆறவிட்டு, மடிக்காமல், வெள்ளைத் துணி சுற்றிய பருத்த குழாயின்மேல் சித்திரம் வெளிப்புறமாக இருக்கும்படி சுருட்டி, பழைய மெல்லிய வேட்டியால் மூடிக் கட்டி உயரமான அலமாரியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். தஞ்சைச் சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்குக் காவலாக வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு முடிச்சாகக் கட்டி வைப்பார்கள். அதுவே இங்கும் போதும். முடிச்சு துணியின்மேல் நேரே படாதபடி அலமாரியின் மூலையில் கிடக்கட்டும்.

கழற்றிய மாதங்களில் சுவர் வெறுமையாக இருக்குமே என்று கவலைப்படுவோர் உண்டு. மழைக்காலத்தில் சுவரும் மூச்சுவிட வேண்டியதாயிருக்கிறது. பூசிய வண்ணம் எங்கே உப்பியிருக்கிறது, எந்த மூலையில் கசிவு தொடங்கியிருக்கிறது என்பது வெறுமையான சுவரில்தான் கண்ணுக்குப் படும். துணி மறைத்திருந்தால் அது படுவதற்குள் சுவரும் துணியும் சேர்ந்தே கெட்டிருக்கும்.

கைத்தறிச் சங்கங்களிடமும் விற்பனை நிலையங்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வேட்டிக்கும் நேரியதுக்கும் கிராக்கி குறைந்து பாலராமபுரத்து இளைஞர் தறியை விட்டு வேறு தொழில் தேடும் இந்நாளில், சுவரில் தொங்கவிடுவதற்கென்றே அளவெடுத்து நெய்த துணி, பாரம் தாங்க நெருங்கிய பாவும், மேலே கம்பு நுழைய இரட்டை மடிப்பும், கஞ்சி நீக்கிய பக்குவமும் கொண்டதாய்க் கிடைக்குமானால் வாங்குவோர் நிச்சயம் உண்டு. அத்தோடு ஒரு மூங்கில் கம்பும், சுருட்டுவதற்கு ஒரு குழாயும், மூடி வைக்க ஒரு காடாத்துணிப் பையும், எந்த மாதத்தில் மாட்டி எந்த மாதத்தில் கழற்றுவது என்று தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட ஒரு தாளும் சேர்த்துக் கொடுக்க அதிகச் செலவாகாது. அச்சங்கங்களின் கடைகள் நகரத்தில் இருக்கின்றன. வாங்குவோர் நாள்தோறும் தம்பானூரில் ரயிலிறங்கி அக்கடைகளைக் கடந்தே போகிறார்கள்.